ஒரு இடுப்பில குழந்தை

தங்கச்சிமாரே, நீங்கள் மூண்டு பேரும் சேர்ந்து அனுப்பின மெசேஜ் கிடைச்சுது. பொலிசில சிவில் உடுப்பில துவக்கு வைச்சுக்கொண்டு வேலை செய்யிற பிரிவுக்கு உங்களை எடுத்திட்டினம் எண்டு அறிய எனக்குச் சந்தோசம்தான். என்ன உடுக்கிறது, எப்பிடி உடுத்தால் உடம்புக்கு வசதி எண்டு கேட்டிருந்தியள். கடைசியில ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டு, தமிழ் ஆக்களின்ர கொண்டாட்டத்துக்கு அனுப்பினால் சாறி கட்டலாமோ அக்கா எண்டும் கேட்டிருந்தியள். அந்தக் கேள்வியைப் பார்த்தாப் பிறகு எனக்குத் தேத்தண்ணி இறங்கேல்லை.

நான் இப்ப பென்சன் எடுத்து லண்டனில பிளேஸ்டோவில இருக்கிறன். முழங்காலைப் பராமரிக்கிறதைத் தவிர வேற வேலை எனக்கில்லை. அதால ஆறுதலா எழுதிறன், ஆறுதலா வாசியுங்கோ.

முதல்ல வசதி எண்ட சொல்லைப் பிழையா விளங்காதேங்கோ. அது சொகுசு இல்லை. இடுப்பில இருக்கிற சாமான் குத்தினால், உரஞ்சினால், உங்கட கை உங்களைக் கேளாமல் அங்க போகும். போன கையை ஆராவது பார்ப்பான். பார்க்கத் தெரிஞ்சவன் எண்டால் உங்கட கதை அதோட சரி. அதால பாரத்தைத் தாங்கிற பெல்ட், உள்துணி நல்லாத் தைச்ச கோட், ஒரு அளவு பெரிசா ஒரு சட்டை எண்டு வாங்கிறதில கஞ்சத்தனம் பார்க்காதேங்கோ. நீளச் சங்கிலி போடாதேங்கோ, கொழுவும். காப்பு ஒண்டோட நிப்பாட்டுங்கோ, சத்தம் போடும். கழிவறையில உங்களுக்கு என்ன பாடு வரும் எண்டு ஆம்பிளையள் ஒருத்தரும் சொல்லித் தராயினம், வீட்டிலயே நல்லாப் பழகிக்கொண்டு போங்கோ. கைப்பைக்குள்ள மட்டும் எந்தக் காலத்திலயும் துவக்கை வைக்காதேங்கோ. எங்கட சனத்துக்கு மற்றவையின்ர பையை எடுத்துப் பத்திரமான இடத்தில வைச்சுவிடுறதில ஒரு தனிச் சந்தோசம்.

எனக்குப் பழக்கினவர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரப் பொலிஸ் சாஜன். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. வாயைத் திறந்தால் பாதி விளங்காது, விளங்கின பாதி வசவு. புது உடுப்புப் போட்டுக்கொண்டு போய் நிண்டால் கண்ணாடிப் பக்கம் போகவே விடமாட்டார். சுப்பர்மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாத்துக்கும் கீழ்த் தட்டில இருக்கிற அரிசி மூட்டையைத் தூக்கச் சொல்லுவார். பஸ்ஸுக்கு ஓடச் சொல்லுவார். நல்ல நேரத்தில எந்த உடுப்பும் நல்ல உடுப்புத்தான், உங்களுக்கு வரக்கூடிய ஆகக் கேவலமான நிமிசத்தை நினைச்சு உடுங்கோ எண்டதுதான் அவற்ற ஒரே பாடம். நான் அதைப் பக்குவமாக் கேட்டு நடந்தனான். ஆனால் அந்த மனுசனுக்கு எங்கட சனத்தின்ர கொண்டாட்டத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. அங்க வாற கேவலமான நிமிசம் வேற மாதிரி வரும்.

இனி அந்தச் சாறிக் கதைக்கு வாறன்.

ஈஸ்ட் ஹாமில மரக்கறிக் கடை வைச்சிருந்த ஒரு அக்கா. அவவின்ர பேரும் வேண்டாம், அக்கா எண்டே சொல்லுறன். அவவின்ர கடை வாசலில ஒரு பெடியனை ஒருத்தன் வெட்டிக் கொன்றுபோட்டான். பள்ளிக்கூடம் முடிச்சு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த தமிழ்ப் பெடியன். வெட்டினவனும் தமிழன்தான். கனபேர் பார்த்தவை, கேட்டால் ஒருத்தரும் பார்க்கேல்லை. அக்கா மட்டும், நான் அவன்ர முகத்தைப் பார்த்தனான், எங்கயும் வந்து சொல்லுவன் எண்டு சொன்னவ. அவ இல்லாட்டில் வழக்கே இல்லை. கொஞ்ச நாளில அவவின்ர கடைக் கதவுத் தபால் ஓட்டைக்குள்ள ஆரோ ஒரு துவக்குச் சன்னத்தைப் போட்டுவிட்டுப் போனாங்கள். அதுக்குப் பிறகுதான் அவவுக்குக் காவலா எங்களை அனுப்பினவை.

அக்காவின்ர மகள் பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்திய வீடு கிங்ஸ்பரிப் பக்கம் ஒரு மண்டபத்தில வைக்கிறதா முன்னமே பேசி முடிச்சிருந்தவை. வழக்குக்குக் கொஞ்சம் முதல்தான் அந்த நாள். எங்கட பிரிவுப் பெரியவை தள்ளிப்போடச் சொல்லிச்சினம். அக்கா ஒரே பிடி. அவனுக்குப் பயந்து என்ர பிள்ளையின்ர நல்ல காரியத்தை நிப்பாட்டினால், பிறகு என்னத்துக்கு நான் சாட்சி சொல்லுவான் எண்டு கேட்டவ. பெரியவையும் ஓம் எண்டிச்சினம்.

என்ன உடுக்கிறது எண்டதில முதல் சண்டை. பெரியவை கறுப்புக் காற்சட்டையும் கோட்டும் போடச் சொல்லிச்சினம். சாமத்திய வீட்டில அப்பிடி நிண்டால் எல்லாரும் என்னை மண்டப மனேச்சர் எண்டு நினைச்சு ஏசியைக் கூட்டச் சொல்லுவினம் எண்டன். பக்கம் வெட்டின நீளச் சல்வார்தான் கைக்கு நல்லது எண்டு சாஜன் நிண்டார். எனக்கும் அதுதான் விருப்பம். ஆனால் அக்காவோட மேடையில நிக்கிற பொம்பிளையள் எல்லாருக்கும் ஒரே கத்தரிப்பூ நிறத்தில பட்டுச் சாறி எடுத்தாச்சு. நான் சுவிசில இருந்து வந்த ஒன்றுவிட்ட தங்கச்சி எண்டு அக்கா எல்லாருக்கும் சொல்லியும் போட்டா. சல்வாரோட நிண்டால் ஆர் நம்புவினம் எண்டு அவ கேட்டது ஞாயம்தானே.

நானும் யோசிச்சுத்தான் செய்தனான். பாவாடை நாடா துவக்கின்ர பாரத்தைத் தாங்காது எண்டு, முதுகு வலிக்குக் கட்டிறது எண்டு பொய் சொல்லி ஒரு தையல்காரியிட்டை உள்ளுக்குத் தடிச்ச பட்டி ஒண்டு தைப்பிச்சன். துவக்கு வலப் பக்கம். வலக்கைக்குக் கீழால வாற சாறி மடிப்பு அதை மூடும். அந்த மடிப்பு நழுவாமல் இடுப்பில ஒரு பின். என்ர வீட்டு ஹோலுக்குள்ள குனிஞ்சு, நிமிர்ந்து, ஓடிப் பார்த்தன். ஒண்டும் தெரியேல்லை. துவக்குக்குப் பயந்து ஓடி வந்த குடும்பத்தில பிறந்து துவக்குக் கட்டிற வேலைக்குப் போறாள் எண்டு என்ர அம்மா கடைசி மட்டும் மனவருத்தப்பட்டவ. அதைச் சாறிக்குள்ள கட்டிறதையும் பார்க்காமல் கண்ணை மூடினது நல்லம் எண்டு அண்டைக்கு நினைச்சன்.

மண்டபத்தில சாஜன் வெளியில வானுக்குள்ள. இன்னொருத்தன் முன் வாசலில, கார் விடுற இடத்து ஆள் மாதிரி. உள்ளுக்கு நான். வரப்போற சொந்தக்காரரின்ர படங்களை எல்லாம் அக்கா எங்களுக்குக் காட்டியிருந்தவ. முன் வாசலால தெரியாத முகம் ஒண்டும் வர ஏலாது எண்டு நாங்கள் திடமா இருந்தம்.

உடுப்பு என்னவோ சரியாத்தான் இருந்தது. எங்கட சனம் உடுப்போட விடுமே? ஊரில எவடம், ஆற்றை மகள், சுவிசில எந்தப் பக்கம், புருசன் வரேல்லையோ. பொலிஸ் விசாரணை எல்லாம் இதுக்குக் கிட்டவும் வராது. சிரிச்சுச் சிரிச்சுச் சமாளிச்சுக்கொண்டு நிக்க, அக்காவின்ர புருசன் பக்கத்து மாமி ஒருத்தர் வந்தவ. நல்ல மனுசி. வயசு போனவையைப் பராமரிக்கிற கெயார் ஹோமில வருசக்கணக்கா வேலை செய்தவ. என்ர சாறியின்ர முன் கொய்யகம் ஒரு பக்கம் இழுபட்டு நிக்குது, விடும் நான் பிடிச்சுவிடுறன் எண்டு குந்தினவ, எழும்பேக்க வலப் பக்கத்தில கையை வைச்சுப்போட்டா.

 மாமி என்ர கையைப் பிடிச்சுத் தூணுக்குப் பின்னால கூட்டிக்கொண்டு போய்க் காதுக்குள்ள கேட்டவ.

"பிள்ளை, உமக்கு வயித்தில ஒப்பரேசனோ? பை வைச்சிருக்கோ?"

குடலில வருத்தம் வந்த ஆக்களுக்கு வயித்தோட ஒட்டிவிடுற பையைச் சொன்னவ. எனக்குச் சிரிப்பு வந்துது. ஓம் எண்டு தலையாட்டினன். வேற என்ன செய்யிறது? மாமிக்குக் கண் கலங்கிப்போச்சு. இந்த வயசில இப்பிடியொரு வருத்தமோ, இறுக்கிக் குத்தக் கூடாது பிள்ளை எண்டு சொல்லிக்கொண்டே, நான் தடுக்க முதல் அந்தப் பின்னைக் கழட்டித் தன்ர சட்டையில குத்திப்போட்டா. மடிப்பையும் தளர்த்திவிட்டா. கழிவறைக்குப் போய்த் திரும்பக் குத்துவம் எண்டு நான் திரும்பிறன், மேளம் தொடங்கிட்டுது. பிள்ளையைக் கூட்டி வருகினம். மாமி தட்டத்தைப் பிடிக்கவேணும் எண்டு ஆரோ கூப்பிட்டினம். அவ தன்ர பேரக்குழந்தையைத் தூக்கி என்ர கையில தந்திட்டு ஓடினவ.

பிள்ளையள், இந்த இடத்தைக் கவனியுங்கோ. எங்கட வீடுகளில ஒரு பொம்பிளையின்ர கையில குழந்தையைத் தாறதுக்கு ஒருத்தரும் கேக்கிறேல்லை. அது அவளை நம்பித் தாறது. வேண்டாம் எண்டு சொல்லுறவளை ஆயுசுக்கும் மறக்க மாட்டினம். நானும் வாங்கி இடப் பக்கம் இடுப்பில வைச்சன். வலக்கை சும்மாதானே இருக்கு எண்டு நினைச்சன். குழந்தை என்ர சாறித் தலைப்பைப் பிடிச்சு வாயில வைச்சுக்கொண்டுது. அக்காவுக்குப் பக்கத்தில நிக்கவேணும் எண்டு குழந்தையோடயே மேடையில ஏறினன்.

அப்பதான் அந்த ஆளைக் கண்டன். முன் வாசலால வரேல்லை, சமையல்காரர் சாப்பாடு இறக்கிற பின் கதவால வந்தவர். அவ்வளவு வெக்கைக்குள்ளயும் கோட்டின்ர எல்லாப் பொத்தானும் பூட்டியிருந்தது. உள்ளுக்குப் பாரமா ஏதோ ஒண்டு. ரண்டு அடி வைச்சுப்போட்டு அதைத் தொட்டுப் பார்க்கிறார், பிறகு சுத்திப் பார்க்கிறார், திரும்பத் தொடுறார். ஒளிச்சுக்கொண்டு திரியிறவளுக்கு ஒளிச்சுக்கொண்டு வாறவனைத் தெரியும். அந்த முகம் படங்களில இருக்கேல்லை. திரும்பி அக்காவைப் பார்த்தன். அவவின்ர முகம் பேய் அறைஞ்ச மாதிரி. வாய் திறந்தபடி. அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நிக்கிறா.

எனக்கு வேற என்ன விளங்கும்? அவர் நேர மேடைக்கு வாறார், கை கோட்டுக்குள்ள போகுது. என்ர வலக்கை சாறி மடிப்புக்குப் போயிட்டுது. குழந்தையைக் கீழ விடவேணும், விட்டால் நேரம் போகும். விடாமல் துவக்கை எடுத்தால் குழந்தைக்கும் அவருக்கும் நடுவில ஒண்டுமில்லை. பின்னால அந்தப் பிள்ளை மாலையோட நிக்குது.

மேடைப் படியில கால் வைக்க முதல் அந்த ஆள் நிண்டார். ஒரு காலால மற்றக் காலை உரஞ்சிச் சப்பாத்தைக் கழட்டினார். ரண்டையும் கழட்டிக் காலால ஒதுக்கி வைச்சார்.

கொல்ல வாறவன் சப்பாத்துக் கழட்டான். அந்த ஒரு நினைப்புத்தான் எனக்கு வந்தது. அது சரியான நினைப்போ, வந்தது நல்ல காலமோ, இண்டைக்கும் எனக்குத் தெரியாது. சப்பாத்துக் கழட்டுற கொலைகாரனும் இருப்பான். துவக்கை எடுக்காமல், குழந்தையோட முன்னுக்குப் பாய்ஞ்சு அவற்ற மணிக்கட்டைக் கோட்டுக்கு வெளியில இழுத்தன். கையில இருந்தது சிவப்பு வெல்வெட் பெட்டி. அது விழுந்து திறந்து, தடிச்ச சங்கிலி ஒண்டு படியில உருண்டுது.

அவர் அக்காவின்ர கூடப் பிறந்த தம்பி. ஏதோ குடும்பப் பிரச்சினையில கன வருசமாப் பேச்சுவார்த்தை இல்லை, படம் காட்டேக்க அக்கா அவரை நினைக்கவும் இல்லை. தாய்மாமன் நான் இருந்தும் இல்லாமலோ எண்டு மனம் கேளாமல் ஜேர்மனியில இருந்து வந்தவர். முன் வாசலில பன்னீர் தெளிக்கிற சொந்தக்காரரின்ர முகத்தில முழிக்க வெக்கப்பட்டுப் பின் கதவால வந்திருக்கிறார். லண்டனில தமிழ் ஆக்களின்ர நகையைக் குறி வைச்சுக் களவெடுக்கிறாங்கள் எண்டு ஆரோ சொல்லி, பெட்டியைக் கோட்டுக்குள்ள ஒளிச்சு, ஒவ்வொரு அடிக்கும் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார் அந்த மனுசன்.

அதெல்லாம் எனக்குப் பிறகு தெரிஞ்சது. அந்த நேரம் நடந்தது வேற. நான் பாய்ஞ்ச பாய்ச்சலில, பின் இல்லாத மடிப்பு வலப் பக்கத்தால வழுகி விழுந்துட்டுது. தலைப்பைக் குழந்தை பிடிச்சு இழுத்துக்கொண்டிருக்கு. வீடியோக்காரன் மேடையில நிண்டு எடுத்துக்கொண்டிருந்தான், பின்னால இருக்கிற சனம் பார்க்கிறதுக்குப் பெரிய திரை ஒண்டு பூட்டியிருந்தினம். அந்தத் திரையில நான். ஒரு இடுப்பில குழந்தை, மற்ற இடுப்பில துவக்கு.

ஒருத்தரும் கத்தேல்லை. அதுதான் என்னால மறக்க ஏலாதது. ஆரோ ஒருத்தர் மெல்லமா "படுங்கோ" எண்டார். அவ்வளவு பேரும் பட்டுச் சாறியோட, கோட் சூட்டோட, கதிரைகளுக்கு நடுவில குப்புறப் படுத்திச்சினம். எப்பிடிப் படுக்கவேணும், எங்க தலையை வைக்கவேணும் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. ஊரில சண்டை நடக்கேக்க நானும் சின்னனில அப்பிடிப் படுத்தவள்தான். இங்க பிறந்த பிள்ளையள் மட்டும் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிண்டுதுகள், தாய்மார் சட்டையில பிடிச்சுக் கீழ இழுத்திச்சினம். றெக்கோட்டில மேளம் அடிச்சுக்கொண்டே இருந்தது.

தம்பிக்காரன் முழங்காலில நிண்டார். நான் சொல்லேல்லை. அவராவே, ஊரில ஆமி பிடிச்சால் நிக்கிறது மாதிரி, ரண்டு கையையும் பின் கழுத்தில கோர்த்துக்கொண்டு நிண்டார். அண்ணை, நான் பொலிஸ், ஒண்டுமில்லை, எழும்புங்கோ எண்டன். பொலிஸ் எண்ட சொல்லைக் கேட்டதும் தலையை இன்னும் குனிஞ்சார். அக்கா போய் அவரைக் கட்டிப்பிடிச்சு அழுதவ. அப்பவும் அவர் கையை எடுக்கேல்லை.

மாமி வந்து என்னிட்டை இருந்து குழந்தையை வாங்கினவ. கோபிக்கேல்லை, ஏசேல்லை. அந்தப் பின்னைத் தன்ர சட்டையில இருந்து கழட்டி என்ர கையில தந்துபோட்டுப் போனவ. எனக்கு அந்த இடத்திலயே செத்துப்போகலாம் போல இருந்தது.

பின்னேரமே அந்த வீடியோ ஆற்றையோ கைபோனில இருந்து எல்லாருக்கும் போயிட்டுது. பொலிஸ் ஏன் அக்காவோட நிண்டது எண்டு சனம் விசாரிச்சு, அவதான் சாட்சி எண்டு அதுவரைக்கும் தெரியாத ஆக்களுக்கும் தெரிஞ்சுது. சொந்தக்காரர் ஒவ்வொருத்தரா எடுத்துச் சொல்லிச்சினமாம்: பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு, உனக்கேன் இந்த வேலை. ஒருத்தரும் கெட்ட மனசோட சொல்லேல்லை. அக்கா என்னைக் கடைக்குக் கூப்பிட்டுக் கதைச்சவ.

"உம்மில பிழை இல்லை. என்ர தம்பியைச் சுடாமல் விட்டனீர், அதுக்கு நான் சாகுமட்டும் உம்மைக் கும்பிடுவன். ஆனால் என்ர பிள்ளை அண்டைக்கு மாலையோட நிலத்தில கிடந்ததைப் பார்த்திட்டன். இனி என்னால ஏலாது."

வழக்கில அவ வந்து, முகம் ஞாபகமில்லை எண்டு சொன்னவ. கூண்டுக்குள்ள நிண்டவன் வெளியால வந்தான். செத்த பெடியன்ர தாய் ஒரு நாள் விடாமல் வந்து இருந்தவ. அண்டைக்கு எல்லாரும் போனாப் பிறகும் பஸ் தரிப்பில தனிய நிண்டா. கிட்டப் போவம் எண்டு நினைச்சன். போகேல்லை, திரும்பி வந்திட்டன்.

சாஜன் என்னைத் தேற்றப் பார்த்தவர். நீ எடுத்த முடிவு சரி, அண்டைக்கு மண்டபத்துக்கு வந்த எல்லாரும் உயிரோட வீட்டை போனவை, எங்கட வேலையில அதுக்கு மேல ஒண்டும் கேக்கக் கூடாது எண்டார். ஓம், எல்லாரும் வீட்டை போனவை, வெட்டினவனும் போயிட்டான் எண்டன். 

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். சாறி கட்டலாம். பட்டு வேண்டாம், வழுகும். மடிப்புக்குப் பின் குத்தாமல் ஊசி நூலால தைச்சுவிடுங்கோ, ஒரு மாமியாலயும் கழட்ட ஏலாது. வலக்கை வெறுங்கையா இருக்கட்டும்.

ஆராவது குழந்தையைத் தந்தால் வாங்காதேங்கோ. உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பினம், எங்கட பிள்ளை மாதிரி இல்லை எண்டு சொல்லுவினம். சொல்லட்டும். துவக்குக் கட்டின உடம்போட அவையின்ர வீட்டுக்குள்ள போறனீங்கள், அவை சொல்லுறது சரிதான்.